பிழியாத காபி

அண்ணி வாயைத் திறந்தால் நீச்சல் குளத்தின் எதிர்க்கரையில் இருப்பவனுக்கும் காது கூசும். இருபத்திரண்டு வருடமாகக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் அவள் அதை ஊதி யாரும் பார்த்ததில்லை. தேவைப்பட்டால்தானே ஊதுவதற்கு! அப்படிப்பட்டவளைத்தான் பதினைந்து நாள் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் கட்டிப்போட்டுவிட்டார். குரல்வளையில் ஒரு சின்ன முடிச்சு. அதை எடுத்தாயிற்று. புண் ஆறும் வரைக்கும் பேச்சு கிடையாது, கிசுகிசுப்பும் கிடையாது, சூடாக எதுவும் தொண்டையில் இறங்கக் கூடாது.

"வீட்டுக்குள்ள நுழைஞ்சா ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்ன மாதிரி இருக்கு" என்றான் அண்ணன் போனில். அவன் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எது நடந்தாலும் அவனுக்கு அது லிஃப்ட் சம்பந்தப்பட்டதாகத்தான் தெரியும். "பேசாம இருக்கிறதைக்கூடத் தாங்கிக்கிறா. காபி இல்லாமதான் ஆளு பாதியாயிட்டா. ஆற வெச்சுக் குடுத்தா ஒரு வாய் குடிச்சுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிறா."

"டாக்டர் காபியே வேண்டாம்னு சொல்லலையா?"

"ஒரு நாளைக்கு ஒரு சின்ன டம்ளர், ஜில்லுனு, தொண்டையைச் சுரண்டாம வழுக்கிக்கிட்டு எறங்கற மாதிரி இருந்தாக் குடிக்கலாம்னார். அப்படி ஒரு காபிக்கு நான் எங்க போறது?"

"நான் பண்ணித் தர்றேன்" என்றாள் சின்னவள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அவள் காபி குடிக்கிறவளே இல்லை.

சின்னவள் என்பது அவளுக்குக் குடும்பம் வைத்த பெயர். முப்பத்தொன்பது வயதாகி, சொந்தமாக ஒரு சாயப் பட்டறை நடத்தி, நாடகக் குழுக்களுக்கும் தையல்காரர்களுக்கும் கேட்ட நிறத்தில் துணிக்குச் சாயம் ஏற்றிக் கொடுக்கிறவள். இருந்தாலும் அண்ணனுக்குத் தங்கை என்பதால் சின்னவள்தான். கைகள் இரண்டும் மணிக்கட்டு வரைக்கும் எந்த நாளும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். இந்த வாரம் கத்தரிப்பூ நிறம்.

அவள் எதற்காகத் தானே போய் மாட்டிக்கொண்டாள் என்பதைச் சொல்ல வேண்டுமானால் எட்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

அண்ணிக்கு ஒரு குணம் உண்டு. யாரைத் திட்டுகிறாளோ அவர்கள் அவளுடைய ஆட்கள். குளத்தில் நன்றாக நீந்துகிற பிள்ளைக்குத்தான் அர்ச்சனை அதிகம் விழும். வேடிக்கை பார்க்க வருகிற பெற்றோர்களிடம் "வாங்க, உக்காருங்க, ரொம்ப சந்தோஷம்" என்று தேன் ஒழுகும். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே சின்னவளை, "ஏண்டி, இப்படியா ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுவாங்க?" என்று ஒரு பிடி பிடித்தாள். அன்றைக்கே இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பதினெட்டு வருடம் அண்ணி அவளைத் திட்டாத வாரம் கிடையாது. அவள் வெட்டிக்கொண்ட தலைமுடி, விட்டுவிட்டு வந்த வேலை, வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை, வேண்டும் என்று அடம்பிடித்து அப்புறம் அழுத மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் திட்டு விழுந்தது. திட்டி முடித்ததும் தட்டில் சோறு விழும்.

சின்னவளுக்கும் ஒரு வித்தை உண்டு. யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவாள். அண்ணனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வீடு நிறையக் கூட்டம். நீச்சல் கிளப்பிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். "அண்ணியைப் பண்ணிக் காட்டு" என்று யாரோ ஏற்றிவிட, அவள் நாற்காலி மேல் ஏறி நின்று, அண்ணி குளக்கரையில் கத்துகிற கத்தலை எடுத்துவிட்டாள். கொஞ்ச நாளாக அண்ணியின் குரலில் ஒரு கரகரப்பு சேர்ந்திருந்தது. வாக்கியத்தின் கடைசியில் குரல் உடைந்து காற்றாகப் போகும். சின்னவள் அதையும் விடவில்லை. அதைத்தான் இரண்டு மடங்காக்கிப் பண்ணினாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அண்ணியும் சிரித்தாள்.

மறுநாள் காலையில் அண்ணியிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. "நேற்று வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க." பதினெட்டு வருடத்தில் அண்ணி அவளுக்கு நன்றி சொன்னதே இல்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதமும் அதே கதைதான். போனால் "வாங்க." கிளம்பினால் "சரிங்க." சின்னவள் வேண்டுமென்றே ஈரக் குடையைச் சோபா மேல் போட்டுப் பார்த்தாள். அண்ணி ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டுபோய்க் காயவைத்தாள். ஒரு நாள் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள். அதாவது பேச்சின் கதவை. வீட்டுக் கதவை நன்றாகத் திறந்தேதான் வைத்திருந்தாள்.

அப்புறம்தான் குரல்வளையில் முடிச்சு என்று தெரிந்தது. எந்தக் கரகரப்பை நாற்காலி மேல் நின்று பண்ணிக் காட்டினாளோ, அதுதான் வியாதி. அதைக் கேள்விப்பட்ட அன்றைக்குச் சின்னவள் பட்டறையின் பின்கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அண்ணி மறுபடியும் அவளைத் திட்ட வேண்டும். அதுவும் அந்தப் பதினைந்து நாளுக்குள். பதினாறாம் நாள் குரல் திரும்பி வந்து அந்தப் புதுக் குரலும் முதல் வார்த்தையாக "வாங்க" என்று சொல்லிவிட்டால், ஆயுசுக்கும் அப்படியே உறைந்துபோய்விடும் என்று அவளுக்கு ஒரு பயம்.

கோல்ட் ப்ரூ என்பதைப் பற்றிப் போனில் இரண்டு வீடியோ பார்த்தாள். காபித் தூளைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு வடிகட்ட வேண்டும், அடுப்பே வேண்டாம். இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது. இது நம்ம தொழில் அல்லவா! தூளிலிருந்து சாயத்தைத் தண்ணீரில் இறக்குவது. மூன்றாவது வீடியோவை அவள் பார்க்கவில்லை.

கடையில் கிடைத்த மெல்லிய தூளைத் தாராளமாகக் கொட்டினாள். பதினாறு மணி நேரம் என்று சொன்னதை முப்பதாக்கினாள், ஏனென்றால் ஊற ஊறத்தான் நிறம் பிடிக்கும். கெட்டியான பருத்தித் துணியில் ஊற்றி, இரண்டு கையாலும் முறுக்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்தாள். சாயக்காரர்களுக்குக் கடைசிச் சொட்டுதான் உயிர். அதில்தான் சத்து இருக்கும், அதை விட்டால் துணி திட்டுத் திட்டாகக் காயும். நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே? வெள்ளைத் துணியில் ஒரு கீற்று வெட்டி அதில் நனைத்து வெயிலில் காயப்போட்டாள். காய்ந்ததும் அடர்ந்த பழுப்பு, ஒரு இடத்தில்கூட வெளிறாமல். பிரமாதம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு, பாட்டிலில் அடைத்து எடுத்துக்கொண்டு, பஸ் ஏறினாள்.

அது நாலாம் நாள். அண்ணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும். குளத்தில் பிள்ளைகளின் நேரத்தை எழுதிக் காட்டுகிற பலகை அது. இப்போது அதுதான் அவளுக்கு வாய். சின்னவளைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப்போட்டாள். விருந்தாளிக்குப் போடுகிற மாதிரி.

சின்னவள் ஒரு சின்ன டம்ளரில் ஊற்றி நீட்டினாள். அண்ணி ஒரு வாய் குடித்தாள். முகத்தில் ஒரு தசைகூட ஆடவில்லை. மீதியையும் மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு எழுதினாள்: "ரொம்ப நல்லா இருக்கு. நன்றி."

அண்ணன் பாட்டிலிலிருந்து தனக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான். ஒரு வாய்தான். ஓடிப்போய் அடுப்படித் தொட்டியில் துப்பிவிட்டு வந்தான்.

"என்ன இது? இதை வெச்சு ஒரு கதவுக்கே வார்னிஷ் அடிச்சுடலாம் போலிருக்கே!"

சின்னவள் அவன் டம்ளரை வாங்கிக் குடித்துப் பார்த்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. தொண்டையில் மணல் மாதிரி என்னவோ உரசியது. முழுசாகக் கசப்பு. இதையா ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்று எழுதினாள்? அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சின்னவளுக்கு உள்ளுக்குள் எரிந்தது. கசப்பைக் குடித்தாலும் குடிப்பேன், உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாளே. இதைவிட அந்தக் காபியை முகத்தில் ஊற்றியிருக்கலாம்.

மறுநாள் காபிக்கொட்டை அரைக்கிற கடைக்குப் போனாள். கடைக்காரி அவள் வயசுதான் இருக்கும். இவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"முப்பது மணி நேரமா? யார் மேலயாவது கோவமா உங்களுக்கு?"

"இல்லைங்க, நிறம் வரட்டும்னு…"

"நிறத்தைக் குடிக்கவா போறீங்க? கொரகொரன்னு அரைச்சுத் தர்றேன், உப்புக் கல்லு மாதிரி இருக்கும். ஒரு பங்கு தூளுக்கு எட்டுப் பங்கு தண்ணி. ஃப்ரிட்ஜ்ல பதினாறு மணி நேரம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் வேண்டாம். வடிகட்டினதுல சரிபாதி ஜில் தண்ணி கலந்து குடுங்க. ஆங், அப்புறம், குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. துணியை நனைச்சுப் பார்த்தாங்களாம்!"

முன்பின் தெரியாத கடைக்காரிகூட உரிமையோடு திட்டுகிறாள். சின்னவளுக்கு அதுவே ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது பாட்டில் பரவாயில்லை. மூன்றாவது இன்னும் தேவலை. முதல் வாய் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விழுங்கின பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. டம்ளரின் அடியில் சேறு மாதிரி ஒரு வண்டல். தூளை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், ஜாடியை மாற்றினாள். வண்டல் மட்டும் மாறவில்லை. எங்கே தப்பு என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. எப்படிப் பிடிபடும்? வடிகட்டுகிறபோது அவள் கை என்ன செய்கிறது என்பதை அவள் பார்த்தால்தானே. இருபது வருடமாக ஈரத் துணி கையில் பட்டால் முறுக்குகிற கை அது. யாரும் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டா இருக்கிறார்கள்?

மூன்றாவது பாட்டிலைக் கொண்டுபோன அன்றைக்குத்தான் அவளுக்கு விழுந்தது ஒரு அடி. அண்ணி குடித்து முடித்தாள். பேனாவை எடுக்கவே இல்லை. பலகையைத் திருப்பிக் காட்டினாள். அதன் பின்பக்கத்தில் முன்னமே எழுதி, அழிக்காமல் வைத்திருந்தாள்: "ரொம்ப நல்லா இருக்கு. நன்றி."

கொஞ்ச நேரத்தில் மாடி வீட்டுக்காரர் பழம் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும் அதே பக்கம்தான் திரும்பியது.

மாடிப்படியில் அண்ணன் அவள் பின்னாலேயே வந்தான்.

"என்ன, மூஞ்சி இப்படித் தொங்குது?"

"அண்ணா, நான் மாடி வீட்டுக்காரர் ஆயிட்டேன்."

அவனுக்குப் புரிந்தது. கன்னத்தைச் சொறிந்துகொண்டான். இவர்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எட்டு மாதமாக அவனும் முழி பிதுங்கித்தான் நின்றான். "பேசிப் பாரேன். அவளால இப்ப எழுந்து போக முடியும், ஆனா பதிலுக்கு மழுப்ப முடியாதில்ல?"

அந்த யோசனை சின்னவளுக்குப் பிடித்திருந்தது. மனசுவிட்டுப் பேச ஒரு காரணம் வேண்டுமே, அதையும் அவளே கண்டுபிடித்தாள். பஸ்ஸில் இருபது நிமிடம் குலுங்கிக் குலுங்கி வருவதால்தான் அடியில் இருக்கிற வண்டல் கலங்கிவிடுகிறது. ஆகவே அடுத்த தடவை அண்ணி வீட்டிலேயே ஊறவைத்து அங்கேயே வடிகட்டிவிடலாம். பாவம், பஸ் மேல் பழி போட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணி வீட்டு ஃப்ரிட்ஜில் ஜாடியை வைத்தாள். "யாரும் இதை ஆட்டக் கூடாது, அசைக்கக் கூடாது, மூடியைத் திறந்து மோந்து பார்க்கக் கூடாது" என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "லிஃப்டுக்குள்ள ஆள் இருக்கிற மாதிரி பார்த்துக்கறேன்" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சரியாகப் போய் நின்றாள். அது பதினாலாம் நாள். செவ்வாய்க்கிழமை டாக்டர்.

அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் அகலமான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை வைத்து, அதன் மேல் அலமாரிக் கைப்பிடியில் துணிப்பையைத் தொங்கவிட்டு, ஜாடியிலிருந்து மெல்லச் சாய்த்து ஊற்றினாள் சின்னவள். சன்னமாக இறங்க ஆரம்பித்தது. அண்ணி அடுப்படிக்கு உள்ளேயே இருந்த சின்ன மேசையில் உட்கார்ந்து, பலகையில் பிள்ளைகளின் பயிற்சி அட்டவணையை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுகிற மாதிரி இருந்தாள். ஒரே வரியில் பேனா வெகுநேரம் நின்றது.

முதலில் நூல் மாதிரி விழுந்தது, அப்புறம் சொட்டுச் சொட்டாக ஆகிவிட்டது. ஒரு சொட்டு. அப்புறம் யோசித்து யோசித்து இன்னொரு சொட்டு. சின்னவளுக்கு அண்ணியைப் பார்த்துப் பேசத் தைரியமில்லை. பையைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணி, அன்னைக்கு நாற்காலி மேல ஏறி நான் பண்ணினது தப்பு. உங்களுக்கு உடம்புக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறது ஒரு சாக்கு. கரகரன்னு ஆயிடுச்சேன்னு எனக்கு முதல்லயே தோணிச்சு. ஏன் இப்படி ஆச்சுன்னு உங்ககிட்ட கேட்டிருக்கணும். கேக்காம அதை எல்லாருக்கும் பண்ணிக் காட்டினேன். கைதட்டு வாங்கினேன். நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா நன்றி மட்டும் சொல்லாதீங்க அண்ணி. என்னால தாங்க முடியல."

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம். பலகையை எடுக்கிற சத்தம். பின்பக்கத்தைத்தான் திருப்பப் போகிறாள் என்று சின்னவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. அதைப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை. திரும்பவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் போலிருந்தது. எதிரே ஈரமாக, கனமாக, பை தொங்கியது. இரண்டு கையும் தானாகப் போய் அதைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்க ஆரம்பித்தன.

பட்டென்று மணிக்கட்டில் ஒரு அடி விழுந்தது.

சும்மா தட்டல் இல்லை. நீச்சல்காரியின் கை. சுளீர் என்று முழங்கை வரைக்கும் ஏறியது. சின்னவள் பையை விட்டுவிட்டு அலறித் திரும்பினாள். அண்ணி கண்ணை உருட்டிக்கொண்டு நின்றாள். வாய் திறந்திருந்தது, உள்ளே எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது, ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டு, பையைக் காட்டினாள், சின்னவளின் கையைக் காட்டினாள், தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பலகையைப் பிடுங்காத குறையாக எடுத்தாள். முன்பக்கம் முழுக்க அட்டவணை. பின்பக்கத்தைத் திருப்பி, அங்கே இருந்ததை நைட்டியின் கையாலேயே தேய்த்து அழித்தாள். எழுத ஆரம்பித்தாள். பேனா கீச்சுக் கீச்சென்று கத்தியது.

"பிழியாதேடி! எல்லா தடவையும் இப்படித்தான் பிழிஞ்சியா? அதான் மண்ணு. பதினாறு மணி நேரம் பொறுத்துட்டுக் கடைசி பத்து நிமிஷம் பொறுக்க முடியாதா? முதல் நாள் கொண்டு வந்தியே, அது காபியா, சாயத் தண்ணியா? ராத்திரி பூரா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

இடம் போதவில்லை. அட்டவணையையும் அழித்தாள்.

"கிண்டல் பண்ணினது கோவம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ பண்ணிக் காட்டினப்பதான் என் குரல் எப்படி ஆயிடுச்சுன்னு எனக்கே தெரிஞ்சுது. பயந்துட்டேன். உன் காது பொல்லாத காது. உன் முன்னாடி நாலு வார்த்தை சேர்ந்து பேசினா, எவ்வளவு மோசமாயிருக்குன்னு நீ கண்டுபிடிச்சுடுவே. அதான் வாங்க, சரிங்கன்னு முடிச்சுக்கிட்டேன்."

சின்னவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். எட்டு மாதமாக அண்ணி தன்னைத் தள்ளிவைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தாள். அவள் பயந்துபோய் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறாள். கண் கலங்கி எழுத்து மங்கியது.

"அப்ப பலகையில நன்றின்னு எழுதினது?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எழுதறதுல குரல் தெரியாதே."

அண்ணி ஒரு மூலையில் மட்டும் அழித்து எழுதினாள்: "அது கோவம்."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணிக்கும் வந்தது, சத்தம் போடக் கூடாது என்பதால் தோள் மட்டும் குலுங்கியது. சின்னவள் சட்டென்று பயந்து, "சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க, தொண்டை!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் தொடவில்லை. பத்து நிமிடம் கழித்து, சொட்டு நின்ற பிறகு, ஜில் தண்ணீர் கலந்து சின்ன டம்ளரில் ஊற்றினாள். சின்னவள் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அடியில் வண்டல் இல்லை. கசப்பு எங்கேயும் மறைந்திருக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய், கடைசியில் ஒரு சின்ன இனிப்பை விட்டுவிட்டுப் போயிற்று. காபி என்றால் இதுதானா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அண்ணி மீதியை வாங்கிக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"இன்னும் ரெண்டு கிராம் தூள் கூடப் போடலாம். கஞ்சத்தனம்."

"சரி அண்ணி."

அண்ணி பலகையைக் கீழே வைக்கவில்லை. எழுத வந்து, நிறுத்தி, மறுபடியும் எழுதினாள். இந்தத் தடவை எழுத்து சின்னதாக இருந்தது.

"செவ்வாய்க்கிழமை என்ன குரல் வரும்னு தெரியல. பழசு எப்படி இருந்துச்சுன்னு மறந்தே போச்சு. கரகரப்பு வர்றதுக்கு முன்னாடி இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்காதா பின்ன?"

அண்ணி பலகையின் மறுபக்கத்தைத் திருப்பினாள். அங்கே முதலில் எழுதின திட்டு அப்படியே இருந்தது. அதை விரலால் தட்டிக் காட்டி, பிறகு தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

சின்னவளுக்குப் புரிந்தது. எட்டு மாதமாக அவள் யார் குரலையும் பண்ணவில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஈரத் துண்டுக்காக ஒலித்த அந்தக் குரலைத் தேடினாள். முழுசாக, மணி மாதிரி, கடைசி எழுத்து வரைக்கும் உடையாத குரல். கிடைத்தது. கண்ணைத் திறந்து வாசித்தாள்.

"பிழியாதேடி! எல்லா தடவையும் இப்படித்தான் பிழிஞ்சியா?"

குளியலறையில் ஏதோ விழுந்து உருண்டது. தலையில் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக அண்ணன் ஓடிவந்தான். "ஏய்! பேசாதே, பேசாதே! டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரே, இன்னும் ரெண்டே நாள்…" என்று கத்திக்கொண்டே வந்தவன், அண்ணி வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பித் தங்கையைப் பார்த்தான். நுரை கண்ணில் இறங்கினதுகூடத் தெரியாமல் நின்றான்.

"அவளா பேசினது… இல்லை, நீயா?"

அண்ணி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னவள் கையில் இருந்த பலகையிலேயே, கிடைத்த ஓரத்தில், கோணல்மாணலாக எழுதினாள்.

"இன்னும் சத்தமா."